காவலர் கதவைத் தட்டும்போது அண்டை வீட்டார் எங்கே?

ஃபஜ்ர் தொழுகை முடிந்து மக்கள் வீடு திரும்பும் வேளையில், தெரு முனையில் காவல்துறை வாகனம் நிற்கிறது. ஒரு வீட்டில் சோதனை நடக்கிறது. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் வாழும் நமக்கு இக்காட்சி புதியதன்று. அந்நேரத்தில் அக்கம்பக்கத்துச் சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுவதும் புதியதன்று. ‘நமக்கேன் வம்பு’ என்று நாம் ஒதுங்கிக்கொள்கிறோம். இந்த ஒதுக்கம் எச்சரிக்கையாகத் தோன்றலாம். உண்மையில் அது, சட்டம் நமக்கெனப் போட்டுவைத்த இருக்கையைக் காலியாக விடுவதாகும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவைப் பாருங்கள். அதன் 36ஆம் பிரிவின்படி, கைது செய்யும் அதிகாரி தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பாணை ஒன்றையும் எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ, அப்பகுதியின் மதிப்பிற்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். 103ஆம் பிரிவு, வீட்டைச் சோதனையிடும்போது அவ்வட்டாரத்தின் சார்பற்ற, மதிப்பிற்குரிய இருவரையேனும் சாட்சியாக அழைக்கச் சொல்கிறது. எழுத்து மூலம் அழைக்கப்பட்டும் தக்க காரணமின்றி மறுப்பவர் குற்றவாளியாகவே கருதப்படுவார். வீட்டுக்காரர் சோதனையின்போது உடனிருக்கலாம்; எடுத்துச் செல்லப்படும் பொருள்களின் பட்டியல் நகலையும் பெறலாம். 105ஆம் பிரிவின்படி சோதனை முழுவதும் ஒலி, ஒளிப் பதிவாக வேண்டும்.

ஆக, சட்டமே இரண்டு இடங்களில் அண்டை வீட்டாரைத் தேடுகிறது. அண்டை வீட்டாரின் உரிமையை ஜிப்ரீல் (அலை) இடைவிடாது வலியுறுத்தியதால், அவரைச் சொத்தில் வாரிசாக்கிவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணுமளவுக்கு அது முதன்மை பெற்றது என்பதை நாம் பயான்களில் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த உரிமை நோன்புக் கஞ்சியைப் பகிர்வதோடு முடிந்துவிடுமா?

“தவறு செய்யாதவனுக்கு என்ன பயம்? சட்டம் பேசினால் சந்தேகம்தானே கூடும்?” என்று நம் பெரியவர்கள் சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நம் அண்டை மாவட்டமே விடை கூறும். 2020 ஜூன் 19 அன்று, பொதுமுடக்க நேரத்தைக் கடந்து கடை திறந்திருந்ததாகக் கூறிச் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் இருவரும் காவலில் வைக்கப்பட்டனர். கடை நேரம் பற்றிய வழக்குதான். ஆயினும் 22ஆம் தேதி மகனும் 23ஆம் தேதி தந்தையும் உயிரிழந்தனர். காவல் நிலையத்திலிருந்து கோவில்பட்டிச் சிறைக்குச் செல்லும் வழியில் மருத்துவர், நீதித்துறை நடுவர் என இரண்டு வாசல்கள் உண்டு. கேள்வி கேட்பதற்கென்றே சட்டம் அமைத்த வாசல்கள் அவை. அவற்றைக் கடந்தும் அவ்விருவரும் காப்பாற்றப்படவில்லை. அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாக 2023 மார்ச்சில் எழுந்த புகார், தாமிரபரணிக் கரையிலேயே எழுந்தது.

உரிமைகளை அறிந்திருந்தால் அந்த உயிர்கள் தப்பியிருக்கும் என்று நாம் கூற வரவில்லை. வன்முறையின் பொறுப்பு அதைச் செய்தவர்களையே சாரும். ஆனால் சாத்தான்குளத்தில் நடந்ததை உலகறியச் செய்தது எது? அதே காவல் நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலர் ரேவதி, தாம் கண்டதை நீதித்துறை நடுவரிடம் கூறினார். தமக்கும் தம் உறவினருக்கும் பாதகமாயினும் நீதிக்குச் சாட்சியாக நிற்குமாறு சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. நாம் ஓதும் கட்டளைக்கு அச்சகோதரி செயலால் விளக்கம் தந்தார். காவல்துறை முழுவதையும் பகையாகக் கருதுவது தவறு என்பதற்கும் அவரே சான்று.

இனி, நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியவை சில. “ஸ்டேஷன் வரை வந்துட்டுப் போங்க” என்று தொலைபேசியில் அழைத்தால், எழுத்து மூலமான அழைப்பாணையைப் பணிவுடன் கேட்கலாம். சாட்சியாக விசாரிப்பதற்கு 179ஆம் பிரிவும், குற்றம் சாட்டப்பட்டவரை அழைப்பதற்கு 35(3)ஆம் பிரிவும் உள்ளன. பின்னதற்கான அறிவிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025இல் கூறியுள்ளது. முறையான அறிவிப்பு வந்தபின் போகாதிருந்தால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்; ஆகவே கட்டாயம் செல்ல வேண்டும், தனியாகச் செல்லக் கூடாது. பெண்கள், 15 வயதுக்குட்பட்ட அல்லது 60 வயதைக் கடந்த ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயுற்றோர் ஆகியோரைச் சாட்சி விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த இயலாது. அவர்கள் வசிக்கும் இடத்திலேயே விசாரிக்க வேண்டும்.

கைதானால் அதன் காரணத்தைக் கேட்கலாம். உபா வழக்கிலும் அதை எழுத்தில் தர வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு. உறவினருக்குத் தகவல் சொல்லவும், விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கவும் உரிமை உண்டு. தமக்கெதிராகத் தாமே சாட்சி கூறும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்கிறது அரசமைப்பின் 20(3)ஆம் பிரிவு. பொய் சொல்வது வேறு, இந்த உரிமையின்படி மௌனம் காப்பது வேறு. முன்னதை மார்க்கமும் சட்டமும் ஏற்பதில்லை. மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். அங்கே, அடிபட்டிருந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டும். காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எதுவாயினும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். அதற்கான எண் 15100.

இவற்றை அச்சத்தில் நடுங்கும் ஒரு தாய் அதிகாலையில் தனியாக நினைவுகூர இயலாது. எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் மூன்று காரியங்களைச் செய்யட்டும். நம்பகமான வழக்கறிஞர் இருவரின் எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். சாட்சிக் கையொப்பமிட முன்வரும் பெரியவர்களின் பட்டியலை மஹல்லாவாரியாக வைத்திருக்கட்டும். ஆண்டுக்கொரு ஜும்ஆ பயானையேனும் இதற்கென ஒதுக்கட்டும்.

வழக்கின் முடிவு நீதிமன்றத்தில் தெரியும். அதுவரை அந்த வீட்டாரோடு பேச்சை நிறுத்துவதும், பெண் கேட்டவர்கள் பின்வாங்குவதும் நாமே வழங்கும் முன்கூட்டிய தண்டனை. தீர விசாரிக்காமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த வேண்டாம் என்று சூரா அல்ஹுஜுராத் எச்சரிப்பது நமக்கும் சேர்த்துத்தான். அடுத்த முறை அந்த வாகனம் நம் தெருவில் நிற்கும்போது, சன்னலைச் சாத்தாமல் வாசலுக்கு வருவோம். “சாட்சிக்கு நான் இருக்கிறேன்” என்று சொல்வோம். அல்லாஹ் நம் அச்சத்தைப் போக்கி அருள்வானாக.