முதல்ல கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன்: ஏன்?

நெருளில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கட்டி பெரிது, அக்குள் நெறிகட்டிகளிலும் பரவியிருக்கிறது. வேறு உறுப்புகளுக்குப் போகவில்லை. 'முதல்ல கீமோ, அப்புறம்தான் ஆபரேஷன்' என்கிறார் டாக்டர். 'ஏன் தள்ளிப்போடறாங்க?' என்று வீடே பதறுகிறது.

தள்ளிப்போடவில்லை. இந்த நிலையில் கத்தி மட்டும் போதாது. கண்ணுக்குத் தெரியாத புற்றுசெல்கள் உடலில் எங்காவது ஒளிந்திருக்கலாம். கீமோ அவற்றைத் தாக்கும், கட்டியையும் சுருக்கும். பிறகு ஆபரேஷன், அதன்பின் கதிர்வீச்சு. ஹார்மோன் வகை என்றால் பல ஆண்டுகள் மாத்திரை. ஹெர்2 வகை என்றால் டிராஸ்டுசுமாப் ஊசி.

இரண்டுமே பலிக்காத 'டிரிபிள் நெகட்டிவ்' வகைதான் சவால். இதில் வழக்கமான கீமோவோடு கார்போபிளாட்டின் என்ற பழைய மருந்தைச் சேர்த்து, பரேல் டாடா மெமோரியல் மருத்துவமனை 700-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஆய்வு நடத்தியது. முடிவு 2022 டிசம்பரில் வெளியானது. 50 வயதுக்கு உட்பட்டவர்களில், 5 ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 100-க்கு சுமார் 77 பேர். சேர்க்காதவர்களில் 66 பேர். வயது கூடியவர்களுக்குத் தெளிவான பலன் தெரியவில்லை.

அதனால் டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்க: 'இது எந்த வகை? அடுத்தடுத்த சிகிச்சை என்ன?' ஒண்ணு மட்டும் மறக்காதீங்க. கட்டி கரைஞ்சிடுச்சுன்னு பாதியில் நிறுத்தக் கூடாது.