அடகுக்குப் போகவிருந்த சங்கிலியும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டும்



பாலாறு என்றவுடன் உங்களில் பலருக்கு வேலூர்ப் பக்கத்து மணல் ஆறு நினைவுக்கு வரும். நான் சொல்வது அதுவன்று. மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் பேருந்தில் சென்றவர்கள் அறிந்த பாலாறு இது. தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் எல்லை. ஒரு பாலம், ஒரு சோதனைச் சாவடி, அருகில் காவிரி. 1997-ஆம் ஆண்டு சாமராஜநகர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அந்தப் பகுதி மைசூரு மாவட்டத்தோடு இருந்தது. பிழைப்பைத் தேடி அங்கிருந்து புறப்படுகிறவர்கள் இன்றும் மைசூருக்கும் பெங்களூருக்கும் வந்து சேருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு வாலிபன் சென்ற ஆண்டு என் வீட்டு வாசலில் நின்றான். தகப்பன் பரிசலில் வலை வீசி வளர்த்த பிள்ளை. மைசூரில் ஒரு ஸ்டுடியோவில் எடுபிடியாகச் சேர்ந்து, தொழில் கற்று, இப்பொழுது ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தானே திருமணப் படங்கள் எடுத்து ஆல்பம் செய்து கொடுக்கிறான். "ஐயா, கம்ப்யூட்டர் மிகவும் மந்தமாயிருக்கிறது. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்" என்றான்.

சங்கிலி என்றவுடன் என் மனம் துணுக்குற்றது. வேதாகமக் கல்லூரியில் எங்களுக்கு எபிரேயமும் கிரேக்கமும் கற்பித்தார்கள். கணினியைக் குறித்து ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆயினும் சபையிலுள்ள மென்பொருள் பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டு நானும் சிறிது கற்றிருக்கிறேன். "தம்பி, முதலில் உன் அறைக்குப் போவோம்" என்றேன்.

அவனுடையது ஓர் அலுவலகத்தில் பயன்பட்டுக் கழிக்கப்பட்டு, சீர்செய்து விற்கப்பட்ட மெலிந்த கணினி. வழக்கம்போல் ஆல்பம் வேலையைத் தொடங்கச் சொன்னேன். போட்டோஷாப்பில் பத்துப் பன்னிரண்டு படங்களைத் திறந்து அடுக்கினான். பின்பு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்னும் பகுதியைப் பார்த்தால் எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறதென்று தெரியும். 8 ஜிபி ரேம் ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருந்தது. பழைய ஹார்டு டிஸ்க் 100 விழுக்காட்டில் நின்று மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. ஜிபியு என்ற வரியோ தரையை ஒட்டிக் கிடந்தது.

"கார்டு இல்லாததினால்தான் அது அசையவில்லை ஐயா" என்றான். அப்படியல்ல. பெரும்பாலான கணினிகளில் பிராசசருக்குள்ளேயே சிறிய கிராஃபிக்ஸ் பகுதி ஒன்று உண்டு. அவனுடையதிலும் இருந்தது. இருந்தும் வேலையின்றி நின்றது. ரேம் நிரம்பியவுடன் போட்டோஷாப் மீதியைக் கொண்டுபோய் டிஸ்க்கில் எழுதுகிறது. அந்த டிஸ்க்கோ மெதுவாகச் சுழல்கிறது. மந்தம் அங்கேதான் இருந்தது. அவன் வாங்க நினைத்த கார்டைப் பொருத்தியிருந்தால், அதுவும் சேர்ந்து சும்மா நின்றிருக்கும்.

இதைச் சொல்வதால் கிராஃபிக்ஸ் கார்டு வீண் என்று எண்ண வேண்டாம். 2008-இல் வந்த போட்டோஷாப் சிஎஸ்4 முதல் அந்த மென்பொருள் கார்டின் உதவியைப் பெற்று வருகிறது. 2012-இல் வந்த சிஎஸ்6-இல் அந்த உதவி இன்னும் விரிந்தது. படத்தைப் பெரிதாக்கி நகர்த்துதல், லிக்விஃபை, சிலவகை மங்கலாக்கங்கள் ஆகியவற்றில் அது தெரியும். ஆனால் வெளிச்சம் கூட்டுவதற்கும், முகத்தில் தழும்பு நீக்குவதற்கும், அடுக்குகளைச் சேர்ப்பதற்கும் பிராசசரும் ரேமுமே பெரும்பாலும் சுமக்கின்றன. 2023-ஆம் ஆண்டின் பதிப்புக்கு அடோபி நிறுவனமே 4கே திரைக்கு 4 ஜிபி கார்டு போதுமென்றுதான் பரிந்துரைத்தது. அதே பட்டியலில் ரேமுக்கு 16 ஜிபி என்றிருந்தது.

ஒரு வேலை மாத்திரம் கணக்கை மாற்றிவிட்டது. 2023 ஏப்ரலில் லைட்ரூம் கிளாசிக்கில் டீநாய்ஸ் என்னும் வசதி வந்தது. மங்கலான மண்டபத்தில் ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றி எடுத்த படங்களில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியுமல்லவா? செயற்கை நுண்ணறிவைக் கொண்டு அவற்றை நீக்குகிற வேலை அது. இதில் உழைப்பது முழுக்கக் கிராஃபிக்ஸ் கார்டே. நல்ல கார்டில் சில நொடிகளில் முடிகிற படம், பிராசசரோடு சேர்ந்த சிறிய பகுதியில் பல நிமிடங்களை விழுங்கும். "ஒரு திருமணத்தில் இப்படிச் செய்ய வேண்டிய படங்கள் எத்தனை?" என்று கேட்டேன். யோசித்து, "நாற்பது ஐம்பது இருக்கும் ஐயா, இரவு ஓடவிட்டுத் தூங்கிவிடுவேன்" என்றான். நாள்தோறும் நூற்றுக்கணக்கில் செய்கிறவனுக்கு 8 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள கார்டு கூலியைத் திருப்பித் தரும். இவனுக்கு அந்த அவசரம் இல்லை.

அடுத்து அளவு நாடாவை எடுக்கச் சொன்னேன். அவன் பார்த்து வைத்தது 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060. நல்ல கார்டுதான். ஆனால் அது 170 வாட் இழுக்கும்; 550 வாட் பவர் சப்ளை வேண்டுமென்று தயாரித்த என்விடியா நிறுவனம் சொல்கிறது. இவனுடைய பெட்டிக்குள் இருந்ததோ 240 வாட். தனியாக மின்சாரம் கொடுக்கும் இணைப்புக் கம்பியும் இல்லை. பெட்டியின் அகலத்தில் கார்டு நுழையவும் நுழையாது. அப்படியானால் பவர் சப்ளை மாற வேண்டும், பெட்டி மாற வேண்டும், அதற்குப் பொருந்த மதர்போர்டும் மாற வேண்டும். ஒரு சங்கிலி போதாது. கடைக்காரர் இவனிடம் என்ன கணினி வைத்திருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டாரா என்றேன். இல்லையாம்.

மெலிந்த பெட்டிகளுக்கென்று உயரம் குறைந்த கார்டுகள் உண்டு. மதர்போர்டின் துளை 75 வாட் வரை கொடுக்கும்; அதற்குள் அடங்குகிற கார்டுக்குத் தனிக் கம்பி தேவையில்லை. 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 அவ்வகை, 70 வாட். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: 2022-இல் வந்த 8 ஜிபி கார்டுக்கும் அதே 3050 என்ற பெயர். அது 130 வாட், உள்ளே வேறு அமைப்பு. பெயரை மாத்திரம் கேட்டு வாங்குகிறவன் ஏமாந்துபோகக்கூடும். இப்படிப் பெயர் சூட்டுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

பழைய கார்டு மலிவாய்க் கிடைக்கிறதே என்பீர்கள். 2021-இல் கிரிப்டோ நாணயம் தோண்டுவதற்காக இரவும் பகலும் ஓட்டப்பட்ட கார்டுகள் ஏராளம். 2022 செப்டம்பரில் எதீரியம் அந்த முறையைக் கைவிட்டபின் அவை சந்தைக்கு வந்து குவிந்தன. எல்லாம் கெட்டவை அல்ல. ஆனாலும் விசிறியும் நினைவகமும் தேய்ந்திருக்கலாம். பில், சீரியல் எண், மீதமுள்ள வாரண்டி இம்மூன்றும் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். நிறங்கள் 10 பிட்டில் தெரிய விலையுயர்ந்த குவாட்ரோ கார்டு வேண்டுமென்ற பேச்சும் பழையது. 2019 ஜூலையில் வந்த ஸ்டுடியோ டிரைவர் மூலம் சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டுகளுக்கும் அது கிடைத்துவிட்டது.

அன்று அவன் அறையில் என்னை அதிகம் வருத்தியது திரைதான். பழைய டிஎன் வகைத் திரை. தலையைச் சற்றுச் சாய்த்தால் மணப்பெண்ணின் முகம் நிறம் மாறுகிறது. "ஆல்பம் அச்சாகி வந்தபின் முகங்கள் சிவந்துவிட்டன என்று யாராகிலும் குறை சொன்னதுண்டா?" என்றேன். தலை குனிந்தான். இரண்டு வீட்டார் பாக்கிப் பணத்தைத் தராமலே நிறுத்திவிட்டார்களாம். எந்த கார்டும் அதைச் சரிசெய்திருக்காது.

ரேமை 32 ஜிபி ஆக்கினான். ஹார்டு டிஸ்க் இருந்த இடத்தில் எஸ்எஸ்டி போட்டான். அடுத்த முகூர்த்தக் காலத்து வருமானத்தில் ஐபிஎஸ் திரை ஒன்று வாங்கி, நிறம் சரிபார்க்கும் கருவியை நண்பனிடம் இரவல் பெற்றுத் திருத்திக்கொண்டான். உயரம் குறைந்த கார்டு இன்னும் வாங்கவில்லை. சென்ற மாதம் அவன் தாயார் பாலாற்றிலிருந்து மைசூருக்கு வந்திருந்தார்கள். சங்கிலி கழுத்தில் இருந்தது.