கற்பனை நாட்டின் நிலப்படம்

மாணவர்களே! உங்கள் தோழி ஒருத்தி கற்பனை நாடு ஒன்றைப் பற்றிப் புதினம் எழுதுகிறாள். அந்நாட்டின் நிலப்படத்தை வரைந்து தருமாறு உங்களிடம் கேட்கிறாள். கோட்டைகளையும் காடுகளையும் அழகுற வரைந்தால் போதுமா? போதாது என்பதே என் கருத்து. படம் வரைபவரே அக்கதையின் முதல் வாசகர். ஐயம் எழுந்தால் கேட்பது அவர் கடமை.

ஆறு மேட்டிலிருந்து பள்ளத்திற்கே பாயும். கதையில் அது மலையேறினால் காரணம் கேளுங்கள். மந்திரத்தால் ஏறுகிறது என்றால், அதையும் கதை கூற வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுப்பதால் கேரளத்தில் மழை மிகுதி; மலைக்குக் கிழக்கே அப்பருவத்தில் மழை குறைவு. கற்பனை மலைக்கும் காற்றின் திசையை முடிவு செய்தால், வயல்களும் வறண்ட நிலங்களும் உரிய இடத்தில் அமையும். மனிதர் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடப்பர். கதையில் வரும் வீரன் 300 கிலோமீட்டரை ஒரே நாளில் நடந்து கடந்தால், படத்தின் அளவுகோல் அப்பிழையைக் காட்டிவிடும்.

ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஆர். எல். ஸ்டீவன்சன் 1881இல் ஒரு தீவின் படத்தை வரைந்தார். அப்படத்திலிருந்து பிறந்த 'புதையல் தீவு' 1883இல் நூலாக வெளிவந்தது. பதிப்பகத்தாருக்கு அனுப்பிய படம் போய்ச் சேராததால், கதையிலுள்ள குறிப்புகளையெல்லாம் தொகுத்து, அவற்றிற்குப் பொருந்துமாறு அவர் மீண்டும் வரைந்தார்.

தோழி மனம் வருந்துவாளே என அஞ்சிப் பிழையை மறைக்காதீர்கள். அச்சான பின் பிறர் சுட்டிக்காட்டுவதைவிட, எழுதும்போதே நீங்கள் கூறுவது நன்று. திருத்துவதற்கு அப்போது ஓர் அழிப்பான் போதும்.