கடல்பசுவும் இழுவை மடியும்



இராமேசுவரம், மண்டபம், ஜெகதாபட்டினம், கோட்டைப்பட்டினம் ஆகிய ஊர்களிலிருந்து கடலுக்குச் சென்றவர்கள் இலங்கைக் கடற்படையால் கைது செய்யப்பட்டனர் என்னும் செய்தி, வானிலை அறிக்கையைப் போல நமக்குப் பழகிவிட்டது. 2024ஆம் ஆண்டில் மட்டும் 500-க்கும் மேற்பட்ட தமிழக மீனவர்கள் இவ்வாறு கைதாயினர். ஒவ்வொரு முறையும் படகுகள் பறிமுதல், கரையில் பெண்களின் கண்ணீர், டெல்லிக்குக் கடிதம், கச்சத்தீவைப் பற்றிய வாக்குவாதம். எல்லாருடைய கண்ணும் எல்லைக்கோட்டின் மேலேயே இருக்கிறது. அந்தக் கோட்டுக்கு அடியில், கடலின் தரையில், என்ன நடக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இவ்வாரம் நாம் அதைப் பற்றிச் சிந்திக்கலாம் என்று எண்ணுகிறோம்.

பாக் விரிகுடா ஆழமான கடல் அல்ல. அதன் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமே உடையது. வெளிச்சம் தரைவரை இறங்குவதால் அங்கே புல் முளைக்கிறது. ஆம், புல்தான்! மீனவர்கள் தாழை என்று சொல்லும் இந்தக் கடல்புல், பாசி இனத்தைச் சேர்ந்தது அல்ல. வேர் விட்டு, தண்டு ஓடி, தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும் தாவரம் அது. இந்தியாவில் காணப்படும் சுமார் 14 வகைக் கடல்புற்களில் மிகப் பெரும்பாலானவை பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் உள்ளன. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பி வளர்வது இந்தப் புல்லுக்குள் ஒளிந்துகொண்டுதான். சந்தையில் நாம் விலை பேசும் இறாலுக்கு அதுதான் தொட்டில்.

இந்தப் புல்வெளியில் மேய்வது கடல்பசு. நம் மீனவர்கள் இதனை ஆவுளியா என்பர். தோற்றத்தில் மீனைப் போல இருந்தாலும் இது பாலூட்டி. திமிங்கிலத்தைவிட யானைதான் இதற்கு நெருங்கிய சொந்தம். 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் வரை வளரும். ஒரு நாளைக்கு 40 கிலோ வரை புல் தின்னும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூக்கை வெளியே நீட்டி மூச்சுவிட்டாக வேண்டும். வலையில் மாட்டினால், கடலிலேயே பிறந்து கடலிலேயே வாழும் இந்த விலங்கு தண்ணீரில் மூழ்கிச் செத்துப்போகும்! கன்றைச் சுமப்பது ஓராண்டுக்கும் மேல். ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடையே 3 முதல் 7 ஆண்டுகள் ஆகும். இப்படி மெதுவாகப் பெருகும் உயிரினம், ஆண்டுக்குச் சில சாவுகளைக்கூடத் தாங்காது. இந்தியக் கடல்கள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 200 கடல்பசுக்களே எஞ்சியிருப்பதாக மதிப்பிடுகின்றனர். அதன் இறைச்சியை நம் கரையிலும் ஒரு காலத்தில் விரும்பி உண்டார்கள், மருந்து என்றுகூடச் சொன்னார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடல்பசு புல்லை நுனியில் கடிப்பதில்லை. வேரோடு பிடுங்கித் தின்கிறது. அது மேய்ந்து சென்ற இடத்தில் ஏர் ஓட்டியதுபோல் நீண்ட தடம் விழுகிறது. அப்படியானால் கடல்பசுவும் புல்லை அழிக்கிறதே என்று யாராவது கேட்கலாம். ஆனால் அந்தத் தடம் குறுகியது. இரு பக்கமும் புல் நிற்கிறது. அந்தப் புல்லின் தண்டுகள் ஓடிவந்து தடத்தை மூடுகின்றன, இளம்புல் தழைக்கிறது. கடல்பசு மீண்டும் அங்கே வந்து மேய்கிறது.

அதே புல்வெளியில் கடல்குதிரை வாழ்கிறது. தலை குதிரை, வால் குரங்கு, வயிற்றில் பை! பெண் முட்டைகளை ஆணின் பைக்குள் இட்டுவிட, கருவைச் சுமந்து குஞ்சுகளை ஈனுவது ஆண்தான். நீந்துவதில் மிகவும் மந்தம். ஆபத்து வந்தால் ஓடத் தெரியாது; புல்லை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். கடல் அட்டையோ மணலைத் தின்று, அதிலுள்ள கழிவைச் செரித்து, தூய மணலை வெளியே தள்ளுகிறது. சில வகை அட்டைகள் எதிரி நெருங்கினால் தம் குடலையே வெளியே உமிழ்ந்துவிட்டு, பிறகு புதுக்குடல் வளர்த்துக்கொள்கின்றன. படைத்தவரின் கற்பனையை என்னவென்று சொல்வது!

இந்தத் தரையின் மேல்தான் இழுவை மடி வருகிறது. இரண்டு கனமான பலகைகள் வலையின் வாயை அகல விரித்துப் பிடிக்கின்றன; வலையின் கீழ்க்கயிறு பாரத்தோடு தரையை உரசிக்கொண்டே வருகிறது. மணிக்கணக்கில் இழுத்துத் தூக்கினால் மடியில் இறால் கொஞ்சம். மற்றவை குஞ்சு மீன், பொடி நண்டு, சிப்பி, பிடுங்கப்பட்ட தாழை, அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் கடல்குதிரை. விலை போகாத இந்தக் குவியலுக்குச் சங்காயம் என்று பெயர். காயவைத்துக் கோழித்தீவனத்துக்கு அனுப்புகிறார்கள். ஓராண்டில் வளர்ந்து கிலோ கணக்கில் வலைக்கு வரவேண்டிய மீன், விரல் நீளத்திலேயே கோழிக்குத் தீனியாகிறது. கடல்பசுவின் தடம் மூடிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான படகுகள் வாரத்துக்கு வாரம் உழும் தரை எப்போது மூடிக்கொள்ளும்?

மீனவர் தாமாகத் தேடிக்கொண்ட கருவி அல்ல இது. 1952இல் இந்தியா நார்வே நாட்டுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு கேரளக் கரையில் விசைப்படகுகள் வந்தன. 1960களில் ஏற்றுமதி இறாலுக்கு விலை ஏறியதும், அரசே மானியம் கொடுத்து இழுவைப் படகுகளைப் பெருக்கியது. நாட்டுப்படகு மீனவர்களோடு மோதல் வெடித்தபோது, பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று கடலையே நாள் கணக்கில் பங்கிட்டார்கள். கேரளத்தில் உலக இரட்சகர் சபை அருள்பணியாளர் தாமஸ் கோச்சேரி போன்றோர் மீனவரோடு சேர்ந்து போராடினர். 1988இல் அங்கே மழைக்கால இழுவலைத் தடை வந்தது. நம் கிழக்குக் கரையிலும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. ஆனால் அந்த ஓய்வில் தரை ஆறுவதற்குள் மடி மறுபடியும் இறங்கிவிடுகிறது.

நம் பக்கத்துத் தரை இளைத்துப்போனதால்தான் படகுகள் கோட்டைத் தாண்டுகின்றன. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் யார்? மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் வாழும் தமிழர்கள். அவர்களில் பலர் கத்தோலிக்கர்கள். போரினால் பல்லாண்டுகள் கடலை இழந்து, 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கியவர்கள். இரவில் நம் இழுவைப் படகுகள் கடந்துபோனால் காலையில் அவர்களுடைய வலை கிழிந்து கிடக்கிறது. 2017இல் இலங்கை தன் கடலில் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. 2024இல் தம் தோழர்களைச் சிறையிட்டதைக் கண்டித்து இராமேசுவரம் மீனவர்கள் கச்சத்தீவு புனித அந்தோனியார் திருவிழாவைப் புறக்கணித்தனர். இரு கரையினரும் ஒரே திருப்பலியில் நிற்கும் அந்த நாளையும் இந்த மடி அந்த ஆண்டு வாரிக்கொண்டு போனது. கைது செய்தவர்களிடம் அத்துமீறல் இல்லை என்று நாம் சொல்லவில்லை. மீனவரைச் சுடுவதும் அடிப்பதும் எந்தச் சட்டத்தாலும் நியாயமாகாது.

கடலுக்கு இழுவை மடி ஒன்றே பகை என்பதும் அல்ல. 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் வெளுத்தன. 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் குமரிக் கரைவரை ஒதுங்கின. அவற்றுக்குக் காரணமானவர்கள் தொலைவில் இருக்கிறார்கள். இழுவை மடியோ நம் ஊர்ப் படகில் இருக்கிறது. நிறுத்துவதும் நம் கைக்கு எட்டியதே. பிடித்ததில் பெரும்பகுதியை வீசிவிடும் மீன்பிடி முறைகளை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில் குறிப்பிட்டு வருந்தியுள்ளார்.

நல்ல செய்தியும் உண்டு. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை இந்தியாவின் முதல் கடல்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய கடல்பசுவை உயிரோடு விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசளித்துப் பாராட்டுகிறது. தம் வலையையே அறுத்து அதைப் போகவிட்டவர்கள் இருக்கிறார்கள். கடலைக் காப்பவர் யார் என்று கேட்டால், நாம் முதலில் சுட்டிக்காட்ட வேண்டியது இவர்களைத்தான்.

ஆனால் சட்டத்தின் போக்கு நமக்கு வியப்பளிக்கிறது. 2001இல் கடல் அட்டையும் கடல்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மூச்சடக்கிக் கையால் அட்டை எடுத்த ஏழை அன்றோடு தொழிலை இழந்தார், எடுத்தால் சிறை. அதே அட்டை வாழும் தரையைச் சுரண்டும் மடியோ, மூன்று நாள் அனுமதியோடு கடலுக்குப் போகிறது.

2017இல் மத்திய அரசும் மாநில அரசும் ஒரு திட்டம் கொண்டுவந்தன. இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு, ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சூரை மீன் பிடிக்கும் 80 இலட்சம் ரூபாய்ப் படகை வாங்கலாம். 70 விழுக்காடு மானியம். மூன்று ஆண்டில் 2,000 படகுகள் என்பது இலக்கு. அதன் அருகில்கூட அது போகவில்லை. இரவு போய்க் காலையில் திரும்பிப் பழகியவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கத் தயங்கினர். கடனும் அச்சுறுத்தியது. இவை எல்லாரும் சொல்லும் காரணங்கள். பேசப்படாத ஒன்று உண்டு: மானியம் படகு உரிமையாளருக்கு. படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு அத்திட்டத்தில் என்ன இருந்தது? சிறைக்குப் போவதில் பெரும்பாலோர் அவர்களே. படகு பறிமுதலானால் உரிமையாளர் நட்டஈடு கேட்க ஒரு வழியாவது இருக்கிறது. இவருக்கு வழக்கும் தண்டமும்தான் மிச்சம்.

ஆகவே இழுவை மடியைக் கைவிடும் பேச்சு அடுத்த முறை எழும்போது, நம் கடற்கரைப் பங்குகளின் மீனவர் சங்கங்கள் கேட்க வேண்டியது இது: உரிமையாளருக்குப் படகின் விலை எவ்வளவு என்று பேசுமுன், கூலி மீனவர் ஒவ்வொருவருக்கும் வேறு தொழிலுக்கு மாறும்வரை மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டுகள், யார் கையில் தரப்படும்?