எல்லாம் குரங்குதானே?

“எல்லாம் குரங்குதானே, ஒரே அடைப்பில் விட்டால் என்ன?” உயிரியல் பூங்காக்கள் பற்றிய உரையாடலொன்றில் சக ஆய்வாளர் ஒருவர் அண்மையில் எழுப்பிய வினா இது. அவர் காட்டிய சான்று அசாமின் ஹூலொங்காபார் சரணாலயம். ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிப்பன், லங்கூர், மக்காக், தேவாங்கு என ஏழு முதனி இனங்கள் அங்கே வாழ்கின்றன. இயற்கை சேர்த்து வைத்ததைப் பூங்கா சேர்க்கலாகாதா என்றார்.

சான்று சரி, முடிவு பிழை. ஹூலக் கிப்பன் மர உச்சிகளில் உலவுகிறது. குட்டைவால் மக்காக் பெரும்பாலும் தரையில் இரை தேடுகிறது. தேவாங்கோ இரவில்தான் நடமாடுகிறது. காடு ஒன்றே எனினும் இடமும் நேரமும் வேறு. ஒவ்வாத அயலாரைக் கண்டால் விலகிச் செல்ல வழியிருப்பதால்தான் அந்த உடனுறைவு நிலைக்கிறது. வேலி முதலில் பறிப்பது அந்த வழியைத்தான்.

நோயும் உணவும் இன வேறுபாட்டை மறப்பதில்லை. அணில் குரங்கின் உடலில் பெரிதும் தீங்கின்றித் தங்கும் ஹெர்பீஸ் வைரஸ், மார்மோசெட்டுக்கும் டாமரினுக்கும் உயிர்க்கொல்லி. மூன்றும் தென்னமெரிக்காவில் வாழ்பவை என்பது அவற்றைக் காப்பதில்லை. லங்கூரின் பல அறை இரைப்பை இலைகளை நொதிக்கச் செய்து செரிப்பதற்கானது. மக்காக்கிற்கு வைக்கும் இனிப்புப் பழங்களை அளவின்றித் தின்றால் அது நோயுறும்.

இனக்கலப்பு இன்னொரு கேடு. 1975-இல் அட்லாண்டா பூங்காவில் சியாமங்கிற்கும் வேறொரு கிப்பன் இனத்திற்கும் குட்டி பிறந்தது. சியாமங்கிற்கு 50 குரோமோசோம்கள், மற்றதற்கு 44, குட்டிக்கு 47. ஆய்விதழுக்கு அது அரிய செய்தி. ஆனால் அருகிவரும் எந்த இனத்தின் கணக்கில் அக்குட்டியைச் சேர்ப்பது?

மொழியியல் பயின்ற எனக்கு அந்த வினாவே உறுத்துகிறது. தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என மூன்றைத் தனித்தனியே எண்ணுகிறது. மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்ற ஒரே பெயரை வழங்கியபோதும் அவற்றை ஒன்றாக்கிவிடவில்லை. நாமோ வகைப்பாட்டியல் கற்ற பின்னும் எல்லாவற்றையும் முதலில் ஒரு சொல்லுக்குள் அடைக்கிறோம். பிறகு ஒரு வேலிக்குள் அடைக்கிறோம்.

சேர்த்து வைப்பதே குற்றம் என்பதன்று என் வாதம். ஒராங்குட்டானையும் கிப்பனையும் நல்ல முறையில் ஒன்றாக வைத்திருக்கும் பூங்காக்கள் உண்டு. வெறுமையில் சலித்த விலங்குக்கு அயலினத் துணை கிளர்ச்சி தரவும் கூடும். ஆனால் மெய்ப்பிக்கும் பொறுப்பு பூங்காவினுடையது. தனித்தனி இரவுக் கூடங்கள், தனித்தனி உணவிடங்கள், சிறிய விலங்கு மட்டும் நுழையக்கூடிய வாயில்கள், நோய்ப் பரிசோதனைப் பதிவுகள், சண்டை மூண்டால் உடனே பிரிப்பதற்கான ஏற்பாடு ஆகியவை இன்றிச் சேர்த்து வைப்பது இடச் சிக்கனமேயன்றி விலங்கு நலமாகாது.

அடுத்த முறை அத்தகைய அடைப்பின் முன் நிற்கும்போது, உள்ளே எத்தனை இனங்கள் என்று எண்ணிய பின், அவற்றுள் மெலியது விலகி ஒதுங்க எத்தனை வழிகள் என்றும் எண்ணிப் பாருங்கள். வழியே இல்லையெனில் பூங்கா நிர்வாகத்திடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.