பிள்ளை தாயிடமே வளரட்டும்

அயர்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியில் டூவம் என்றொரு சிறு நகரம் உள்ளது. 2025 ஜூலை மாதம் அங்கே தடயவியல் வல்லுநர்கள் மண்ணை அகழத் தொடங்கினார்கள். 1925 முதல் 1961 வரை அந்த இடத்தில் போன் செகூர் சபை அருட்சகோதரிகள் நடத்திய தாய் சேய் இல்லம் இருந்தது. திருமணமாகாமல் கருவுற்ற பெண்கள் அங்குதான் அனுப்பப்பட்டார்கள். அங்கு இறந்ததாகப் பதிவாகியுள்ள குழந்தைகள் 796 பேர். கேத்தரின் கார்லஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆய்வாளர் இறப்புப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்தார். ஆனால் அந்தக் குழந்தைகள் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பதற்குப் பதிவு கிடைக்கவில்லை. அவர் கண்டறிந்தது 2014-இல் உலகச் செய்தியானது. அங்கே நிலத்தடி அறைகளில் குழந்தைகளின் எலும்புகள் கிடப்பதை அரசு விசாரணை ஆணையம் 2017-இல் உறுதி செய்தது. 18 இல்லங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்ததாக 2021 ஜனவரியில் அதன் இறுதி அறிக்கை கூறியது. நாட்டின் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். சபை அருட்சகோதரிகளும் மன்னிப்புக் கேட்டார்கள்.

எங்கோ ஓர் ஐரோப்பிய நாட்டின் துயரம் என்று நாம் இதைக் கடந்து போய்விட முடியாது. ஏனெனில் நம் சென்னைத் திருச்சபையின் குழந்தைகள் இல்லங்களுக்கும் அயர்லாந்துக்கும் நெருங்கிய உறவு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் ஐரிஷ் கத்தோலிக்கர்கள் ஏராளமாக இருந்தார்கள். கோட்டையிலும் பரங்கிமலைப் பாசறையிலும் வாழ்ந்த சிப்பாய்கள் காய்ச்சலிலும் போரிலும் மாண்டபோது அவர்களுடைய பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அரசின் ஆதரவு பெற்ற காப்பகங்கள் ஆங்கிலிக்கன் சபையினரின் பொறுப்பில் இருந்தன. 1789-இல் எழும்பூரில் தொடங்கிய ஆண் பிள்ளைகள் காப்பகத்தை நடத்தியவர் அச்சபையின் குரு ஆண்ட்ரூ பெல். அங்கே போனால் நம் பிள்ளைகள் விசுவாசத்தை இழந்துவிடுவார்கள் என்று அஞ்சிய ஐரிஷ் ஆயர்கள் தம் நாட்டிலிருந்து துறவியரை அழைத்தார்கள். 1842-இல் அன்னை சேவியர் கரன் தலைமையில் காணிக்கை அன்னை சபை அருட்சகோதரிகள் சென்னைக்கு வந்தார்கள். பின்னாளில் சர்ச் பார்க் பள்ளியைத் தொடங்கியதும் இச்சபையே. 1875-இல் புனித பேட்ரிக் சபைச் சகோதரர்கள் அடையாற்றில் அனாதைச் சிறுவர்களின் பொறுப்பை ஏற்றார்கள்.

ஒருவருக்கும் வேண்டாத பிள்ளைகளுக்கு அவர்கள் சோறும் எழுத்தும் தந்தார்கள். கப்பலேறி வந்து இந்த மண்ணிலேயே மாண்டவர்கள் பலர். அவர்களின் தியாகத்தைக் குறைத்துப் பேச நமக்கு உரிமையில்லை. ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இந்தப் பிள்ளை எந்தச் சபையில் வளரவேண்டும் என்பதே அன்று இரு தரப்பாரும் கேட்ட முதல் கேள்வி. இவனுடைய தாய்க்கு என்ன தேவை என்ற கேள்வி பின்னால் போய்விட்டது.

அயர்லாந்திலும் இதே போட்டி நடந்தது. அங்கே மார்கரெட் எய்ல்வர்ட் என்ற பொதுநிலைப் பெண்மணி (பின்னாளில் திருவிசுவாச அருட்சகோதரிகள் சபையை நிறுவியவர்) 1850-களின் பிற்பகுதியில் டப்ளின் நகரில் ஒரு புதிய வழியைத் தொடங்கினார். புனித பிரிஜித் அனாதை இல்லம் என்பது அதன் பெயர். ஆனால் பிள்ளைகள் ஒரே கட்டடத்தில் அடைக்கப்படவில்லை. கிராமத்துக் குடும்பங்களில் வளர்க்கப்பட்டார்கள். குடும்பங்களுக்குப் பணம் கொடுத்து, நேரில் சென்று மேற்பார்வையும் செய்தார்கள். இன்று நாம் வளர்ப்புப் பராமரிப்பு என்று சொல்வது இதைத்தான். இந்த நல்ல பணியும் ஓரிடத்தில் இடறியது. ஒரு தாய் தன் மகளைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தார். சிறுமியை நீதிமன்றத்தில் ஒப்படைக்க முடியாததால் எய்ல்வர்ட் அம்மையார் 1860-இல் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

பிறகு அந்த நாடு வேறு திசையில் போனது. 1868-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்பள்ளிகள் என்ற விடுதிகள் உருவாயின. பெரும்பாலானவற்றைத் துறவற சபைகளே நடத்தின. அரசு ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் விடுதிக்குப் பணம் கொடுத்தது. அங்கிருந்தவர்களில் பெரும்பாலோர் அனாதைகள் அல்லர், ஏழை வீட்டுப் பிள்ளைகள். தாய்க்கு அந்தப் பணத்தில் பாதியைக் கொடுத்திருந்தாலும் பலர் வீட்டிலேயே வளர்ந்திருப்பார்கள். ஆனால் பிள்ளை வீட்டில் இருந்தால் பணம் இல்லை. விடுதிக்குப் போனால் உண்டு. விடுதிக்கும் பிள்ளைகள் குறைந்தால் வருமானம் குறையும். வெளியார் கண் படாத அந்தச் சுவர்களுக்குள் அடியும் பசியும் பாலியல் கொடுமையும் நிகழ்ந்ததை 2009 மே மாதம் வெளியான ரையன் அறிக்கை விரிவாக எடுத்துரைத்தது.

1973-இல் அயர்லாந்து அரசு, திருமணமாகாத தாய்மாருக்கு உதவித்தொகை வழங்கத் தொடங்கியது. அதன்பின் பிள்ளையைத் தத்துக்கொடுக்கும் தாய்மாரின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைந்தது. மனமாற்றம் முதலிய வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் இதை நாம் மறக்கலாகாது: பணம் எந்த வாசலுக்குப் போகிறதோ, ஏழையின் பிள்ளையும் அந்த வாசலுக்கே போகும்.

இனி நம் மணிமங்கலத்துக்கு வருவோம். ஒரு பக்கம் ஒரகடம், மறுபக்கம் ஸ்ரீபெரும்புதூர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இப்பகுதியில் இன்று கம்பெனி பேருந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஒற்றை அறை வாடகை வீடுகளில் வாழ்கின்றன. பாட்டியும் அத்தையும் சித்தியும் ஊரில் தங்கிவிட்டார்கள். இந்நிலையில் கணவர் இறந்துவிட்டால், அல்லது விட்டுப் போய்விட்டால் என்ன ஆகும்? ஒப்பந்தத் தொழிலாளியான அந்தத் தாய்க்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் இரவு ஷிப்ட். எட்டு வயதுப் பிள்ளையை இரவில் யாரிடம் விடுவார்? "ஃபாதர், பிள்ளைய ஏதாவது ஹோம்ல சேர்த்துவிடுங்க, ஒரு லெட்டர் மட்டும் குடுங்க" என்ற வேண்டுகோள் இத்தகைய பங்குகளில் புதிதல்ல. அவருக்குப் பிள்ளை மீது பாசம் இல்லாமல் இல்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

சட்டம் இன்று வேறு வழியைக் காட்டுகிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி விடுதி என்பது கடைசிப் புகலிடம், குடும்பமே முதலிடம். குழந்தைகள் நலக்குழுவின் ஆணையின்றி, பதிவு பெறாத இல்லத்தில் பிள்ளையைச் சேர்ப்பது குற்றத்துக்கு வழிவகுக்கும். நடுவண் அரசின் மிஷன் வாத்சல்யா திட்டம், கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு தர வழி செய்தது. தமிழக அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் மாதம் 2,000 ரூபாய் அளித்தது. பணம் இப்போது தாயின் வாசலை நோக்கித் திரும்பியிருக்கிறது. நல்ல செய்திதான்.

ஆனால் ஓர் இடைவெளி இருக்கிறது. 2022-இல் வெளியான மிஷன் வாத்சல்யா நெறிமுறைகள் குடும்ப ஆண்டு வருமான வரம்பாகக் கிராமப்புறத்துக்கு 72,000 ரூபாயையும் பிற இடங்களுக்கு 96,000 ரூபாயையும் வைத்தன. மாதம் 12,000 ரூபாய் கூலி வாங்கும் ஒரு தாயின் ஆண்டு வருமானம் 1,44,000 ரூபாய். வாடகை, பள்ளிச் செலவு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக அவர் கையில் ஒன்றும் நிற்காது. ஆயினும் ஏட்டளவில் அவர் ஏழையல்ல. மேலும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கூறியது சிறு குழந்தைகளுக்கே பயன்படும். இரவு ஷிப்ட்டுக்குப் போகும் தாயின் பள்ளிச் சிறுவனுக்கு அதில் இடமில்லை.

இந்த இடைவெளியில்தான் பங்குச் சமூகம் நிற்க வேண்டும். லெட்டர் கேட்டு வரும் தாயிடம், "பிள்ளை உங்களோடு இருக்க என்னம்மா தேவை?" என்று முதலில் கேட்போம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அவரோடு ஒருவர் உடன் போய் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். வருமான வரம்பால் விலக்கப்படும் குடும்பத்துக்கு வின்சென்ட் தே பவுல் சபை மாதந்தோறும் கைகொடுக்கட்டும். இல்லத்துக்கு நாம் அனுப்பும் பிறந்தநாள் விருந்தின் ஒரு பங்கு இதற்குப் போதும். தாய்க்கு இரவு ஷிப்ட் வரும் வாரத்தில், அதே அன்பியத்தில் அவருக்கு நம்பிக்கையான ஒரு குடும்பம் பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு உறங்க வைக்கட்டும். அந்த வீட்டையும் பங்கின் பொறுப்பான பெண்கள் போய்ப் பார்க்கட்டும். அன்பு இருக்கும் இடத்திலும் கண்காணிப்பு வேண்டும் என்பதே அயர்லாந்து நமக்குக் கற்றுத் தந்த பாடம். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால், யாருடைய பெயர் கெடும் என்று பாராமல் 1098 என்ற எண்ணை அழைப்போம்.

எவரும் இல்லாத பிள்ளைகளும் உண்டு. வீட்டிலேயே துன்புறுத்தப்படும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நல்ல இல்லங்கள் தேவை. அவற்றில் உழைக்கும் அருட்சகோதரிகளுக்கு நாம் என்றும் நன்றியுள்ளவர்கள். சட்டப்படி வளர்ப்புப் பெற்றோராக முன்வரும் குடும்பங்களும் நம்மிடையே எழ வேண்டும்.

விடுதலைப் பயண நூலில் குழந்தை மோசேயை ஆற்றில் கண்டெடுத்த பார்வோனின் மகள் என்ன செய்தாள் என்று நினைத்துப் பாருங்கள். பாலூட்ட ஒரு பெண்ணை அமர்த்தி, அவளுக்குக் கூலியும் கொடுத்தாள். அந்தப் பெண் வேறு யாருமல்ல, பெற்ற தாயே. அரண்மனைப் பணம் அடிமைப் பெண்ணின் குடிசைக்குப் போனது, பிள்ளை தன் தாயிடம் பால் குடித்து வளர்ந்தது. நம் பங்கின் பணமும் அந்த வழியே போகட்டும்.