அனாமத்துக் கணக்கு

ஒரு சீரியலின் க்ளைமாக்ஸ் புரியாமல் முடிந்தால் போதும், மறுநாளே ஊரில் எல்லாரும் டைரக்டர் ஆகிவிடுவார்கள். 2007ல் அமெரிக்காவில் 'தி சோப்ரானோஸ்' தொடரின் கடைசிக் காட்சியில் திரை பட்டென்று கறுப்பாகிப் போனது. கேபிள்தான் போய்விட்டது என்று நிறையப் பேர் ரிமோட்டைத் தட்டினார்கள். ஹீரோ செத்தானா பிழைத்தானா என்ற பஞ்சாயத்து இன்றுவரை முடியவில்லை. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பொழுது போகிறது, அவ்வளவுதான் :-)

ஆனால் கதை நிஜமாக இருந்தால்? அதுவும் சொந்த ஊரில் நடந்ததாக இருந்தால்?

2025 ஜூலையில் சோனி லிவ்வில் 'தி ஹண்ட்' என்ற தொடர் வந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கின் கதை. அனிருத்ய மித்ரா எழுதிய 'நைன்டி டேஸ்' புத்தகத்தை வைத்து நாகேஷ் குகுனூர் எடுத்தது. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் வெடித்த பெல்ட் குண்டில் தொடங்கி, ஆகஸ்ட் 20 காலை பெங்களூர் கோணனகுண்டேயில் சிவராசனும் கூட இருந்த ஆறு பேரும் பிணமாகக் கிடைப்பது வரை கதை போகிறது.

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓடும் கம்பெனி பஸ்கள் தினமும் ராஜீவ் நினைவிடத்தைத் தாண்டித்தான் போகின்றன. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் லைனில் நிற்பவர்களில் பாதிக்கு மேல் 1991ல் பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்கு அந்த இரவு செல்போனில் ஷிப்டுக்குப் போகும் வழியில் பார்த்து முடித்த ஒரு வெப் சீரிஸ். அதனால் தியரிக்குப் பஞ்சமே இல்லை.

எல்லாத் தியரியும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். கோணனகுண்டே வீட்டைக் கண்டுபிடித்தாயிற்று, கமாண்டோக்கள் சுற்றி வளைத்தாயிற்று. அப்புறம் ஏன் ஒரு நாளுக்கும் மேல் காத்திருக்க வைத்தார்கள்? 'உயிரோடு பிடிக்க வேண்டும், சயனைடு முறிவு மருந்து வர வேண்டும்' என்பது சொல்லப்பட்ட காரணம். 'அவன் வாயைத் திறந்தால் பெரிய தலைகள் மாட்டியிருக்கும், அதனால்தான் சாகிற வரைக்கும் நேரம் கொடுத்தார்கள்' என்பது மக்கள் காரணம். தொடரும் அந்தக் கேள்வியை முடிச்சுப் போடாமல்தான் விட்டிருக்கிறது.

இரண்டில் எது நம்பும்படி இருக்கிறது? அரசாங்க ஆபீசில் ஒரு சான்றிதழுக்கு நின்றவர்கள் முதல் காரணத்தைச் சுலபமாக நம்புவார்கள். மேலிடத்து உத்தரவு இல்லாமல் கீழே யாரும் கையெழுத்துப் போடாத நாட்டில், தாமதத்துக்குச் சதி தேவையே இல்லை. ஆனால் இந்தப் பதிவின் விஷயம் அதுவல்ல.

அக்கவுண்டன்சி படித்தவர்களுக்கு இது தெரியும். இருப்பாய்வில் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை என்றால் வித்தியாசத் தொகையை 'அனாமத்துக் கணக்கு' என்ற ஒன்றில் தற்காலிகமாகப் போட்டு வைப்பார்கள். பிழை எங்கே என்று கண்டுபிடித்ததும் திருத்தப் பதிவு போட்டு அந்தக் கணக்கை முடித்துவிட வேண்டும். அதை முடிக்காமல் வருஷக்கணக்கில் ஓட்டினால் ஆடிட்டர் முதலில் கை வைக்கிற இடம் அதுதான்.

பார்வையாளர் தியரி என்பதும் ஒரு அனாமத்துக் கணக்குதான். கணக்கு இடிக்கிறது, காரணம் தெரியவில்லை, அதனால் மனசு எதையோ போட்டுச் சரிக்கட்டுகிறது. கதையாக இருந்தால் அந்தக் கணக்கைத் திறந்தே வைக்க டைரக்டருக்கு உரிமை உண்டு. போலீசுக்கும் அரசுக்கும் அந்த உரிமை கிடையாது. அங்கே முடிக்காத கணக்குக்கு யாரோ ஒருவர் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டியிருக்கிறது.

முதலில் அரசியலைப் பார்க்கலாம். குண்டு வெடித்த அன்று தமிழ்நாட்டில் ஜனாதிபதி ஆட்சி. திமுக அரசு அந்த ஜனவரியிலேயே கலைக்கப்பட்டிருந்தது. ஆனாலும் அன்றிரவே திமுகவினரின் வீடுகளும் கட்சி ஆபீசுகளும் தாக்கப்பட்டன. சிவராசன் பிடிபடும் முன்பே, ஜூன் மாதத் தேர்தலில் ஜனங்கள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதிமுக - காங்கிரஸ் கூட்டணி அள்ளியது. 1997ல் ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை திமுக பக்கம் கை நீட்டியது. அதைச் சொல்லி காங்கிரஸ் ஆதரவை விலக்க, குஜ்ரால் அரசு கவிழ்ந்தது. 2004ல் அதே திமுகவும் காங்கிரசும் கூட்டணி போட்டு ஜெயித்தன. ஒரு தியரி வேண்டும்போது கணக்கில் ஏறுகிறது, வேண்டாதபோது இறங்குகிறது. எந்தப் பிழையும் திருத்தப்படவில்லை.

அடுத்து போலீஸ். இந்த வழக்கில் 26 பேருக்கு 1998ல் பூந்தமல்லி தடா கோர்ட் தூக்கு விதித்தது. 1999ல் சுப்ரீம் கோர்ட் அதில் 19 பேரை விடுவித்தது, 3 பேருக்கு ஆயுளாகக் குறைத்தது, 4 பேருக்குத் தூக்கை உறுதி செய்தது. தடா சட்டப்படி எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியம். சாதாரண வழக்குகளில் போலீசிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது. 1999ல் தடா குற்றச்சாட்டே நிற்கவில்லை என்று கோர்ட் சொல்லியும், அந்த வாக்குமூலங்கள் மட்டும் நின்றன.

அப்படி நின்றவர்களில் ஒருவர் பேரறிவாளன். 1991 ஜூனில் கைதானபோது வயது 19. இரண்டு 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்தார் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரி தியாகராஜன், ஓய்வு பெற்ற பிறகு 2013ல் ஒரு விஷயம் சொன்னார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதாகவும், அந்த வரியைத் தான் எழுதவில்லை என்றும்.

ஒரு வரி. சீரியலில் அதை 'கட்' என்பார்கள். இங்கே அந்த வரி வெளியே வர 22 வருஷம் ஆனது. 2014ல் தூக்கு ஆயுளானது, 2022 மே 18ல் விடுதலை. அந்தத் தீர்ப்பு அவரை நிரபராதி என்று அறிவிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கவர்னர் தரப்பின் தாமதம்தான் அதில் பெரிய காரணம். மீதி ஆறு பேரும் அதே நவம்பரில் வெளியே வந்தார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அன்றிரவு பாதுகாப்புக்கு நின்ற போலீஸ்காரர்களும் செத்துப் போனார்கள். அவர்கள் குடும்பங்களுக்கும் முழுக்கதை தெரியாது. பெரிய சதியைத் துருவ 1998ல் போட்ட பல்துறைக் கண்காணிப்பு முகமையின் அறிக்கைகள் மூடிய உறையில் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2022ல் அந்த முகமையையும் கலைத்துவிட்டார்கள். விடுதலையானவர்களுக்கும் பதில் இல்லை, செத்தவர்களின் வீட்டாருக்கும் பதில் இல்லை. இப்படி இருந்தால் ஜனங்கள் தியரி சொல்லாமல் என்ன செய்வார்கள்?

'அதெல்லாம் பழைய கதை' என்று சொல்பவர்களுக்கு இதே நெடுஞ்சாலையில் ஒரு புதுக்கதை.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சில பேரைப் பற்றி அறைத்தோழிகளுக்குத் தகவலே இல்லை. 'செத்துப் போயிட்டாங்க, மறைக்கிறாங்க' என்று பேச்சு கிளம்பியது. டிசம்பர் 17 இரவு பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். மறுநாளும் வண்டிகள் நகரவில்லை. போலீஸ் பெண்களைப் பிடித்து வைத்துப் பிறகு விட்டது. வதந்தி பரப்பியதாகக் கைதுகளும் நடந்தன.

உண்மையில் யாரும் சாகவில்லை. சிகிச்சையில் இருந்த பெண்களை வீடியோ காலில் காட்டிய பிறகுதான் கூட்டம் கலைய ஆரம்பித்தது. அந்த வீடியோ காலை முதல் நாளே போட்டிருந்தால்? போலீசுக்கும் வேலை மிச்சம், பெண்களுக்கும் ஒரு ராத்திரி தூக்கம் மிச்சம்.

இன்னும் ஒன்று. டிசம்பர் 29ல் ஆப்பிள் நிறுவனமே சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஒத்துக்கொண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12ல்தான் ஆலை மறுபடி திறந்தது. அதாவது அந்தப் பெண்களின் தியரியில் க்ளைமாக்ஸ் தப்பு, கதை சரி. வதந்திக்கு வழக்குப் போட்டவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்கவே இல்லை.

2024 அக்டோபரில் சாம்சங் தொழிலாளர் போராட்டத்திலும் இதே கதைதான். ராத்திரியில் வீடு தேடிப் போய்க் கைது, மறுநாள் பந்தல் அகற்றம். அனுமதி இல்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அப்படியானால் பகலில் வந்து சொல்ல என்ன தடை? அதற்குப் பதில் வராததால் 'யார் சொல்லிச் செய்தார்கள்' என்று ஆளுக்கொரு தியரி. ஆளும் கூட்டணியில் இருந்த கம்யூனிஸ்ட்களே கண்டித்தார்கள். 37 நாள் போராட்டம் முடிந்தது, சங்கமும் 2025 ஜனவரியில் பதிவானது. அந்த ராத்திரிக்கு மட்டும் விளக்கம் இல்லை.

ஆகவே தியரி சொல்பவர்களை 'வேலை இல்லாதவர்கள்' என்று சிரிப்பது சுலபம், ஆனால் நியாயமில்லை. நம்பகமான தகவல் கிடைக்கிற இடத்தில் தியரி தானாகவே சாகும். அதே சமயம் தியரி சொல்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எந்த ஆதாரம் வந்தால் இந்தத் தியரியைக் கைவிடுவேன் என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பதில் இல்லாதவர்கள் கையில் இருப்பது தியரி அல்ல, கட்சிக்கொடி.

டோனி சோப்ரானோ என்ன ஆனான் என்று யாரும் ஆர்டிஐ போட முடியாது. ஸ்ரீபெரும்புதூர் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு தொழிலாளி ராத்திரி முழுக்க ஏன் உட்கார வைக்கப்பட்டான் என்று கேட்க முடியும், கேட்கவும் வேண்டும். கோணனகுண்டே தாமதத்துக்குச் செலவழிக்கிற ஆர்வத்தில் கால்வாசியை இதற்குச் செலவழித்தால் போதும். அனாமத்தில் கிடக்கிற சில கணக்குகளாவது முடியும்.